என்னை முப்பது வயதாக்கிய ஏகாம்பரம்

ஏகாம்பரம் போய்விட்டான்.

ஒரகடம் கூட்ரோட்டில் சலூன் வைத்திருந்த ஏகாம்பரம். நேற்று காலை, படப்பையில், மகள் வீட்டில்... நுரையீரல் கெட்டுவிட்டதாம்.

நான் இந்த வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். முதல் போஸ்ட்டே அவனைக் கிண்டல் செய்து எழுதி, அவனிடமே படித்துக் காட்ட ஆசையாக இருந்தேன். அதே கதையைத்தான் இப்போது போனில் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். கேட்க அவன் இல்லை.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. கம்பெனிகள் வந்த புதிது. நிலம் போய், வேலையில்லாமல் இருந்தேன்.

ஒரு கம்பெனி கேட்டில் லோடிங்குக்கு ஆள் எடுத்தார்கள். படிப்பு வேண்டாம், சர்ட்டிபிகேட் வேண்டாம். பார்க்க முப்பது வயதுக்குள் தெரிந்தால் போதும். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

அப்போது சலூன் டிவியில் ஒரு டப்பிங் படம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கிழவர் மழையில் நனைந்து பதினெட்டு வயதுப் பையனாகிவிடுவார். காலேஜுக்குப் போவார், டான்ஸ் ஆடுவார். கடைசியில் கிழட்டு இருமல் இருமி மாட்டிக்கொள்வார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

"குந்து மச்சான்" என்றான் ஏகாம்பரம். "மீசைய எடுத்தா பத்து வயசு போச்சு. தலைக்கு மை வச்சா இன்னும் அஞ்சு. கேட்டாண்ட போய் இருமிக்கினு மட்டும் நிக்காத!"

கண்ணாடியில் யாரோ ஒரு பையன்... எனக்கே வெட்கம்.

மறுநாள் வரிசையில் எனக்கு முன்னால் என் மகன். முன்பே பேசிவைத்தபடி என்னைத் தெரியாதவன் போல நின்றான். நான் இருமவே இல்லை. சூப்பர்வைசர் என்னைப் பார்த்துத் தலையாட்டியும்விட்டார்.

அப்போதுதான் மகனின் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைப் பார்த்தேன். கை தானாகப் போய்ச் சரிசெய்தது.

"இன்னாபா, உன் புள்ளையா?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல சார், யாரோ அண்ணன்" என்றான் மகன்.

"ஆமா சார், பெரியவன்" என்றேன் நான்.

அவனுக்கு வேலை கிடைத்தது. என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

எப்படி வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் சலூனில் போய் உட்கார்ந்தேன். ஏகாம்பரம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். "இருமாதன்னு சொன்னேன்... அப்பனா இருக்காதன்னு சொல்ல மறந்துட்டேனே மச்சான்!"

அழவேண்டிய நாளில் என்னையும் சிரிக்கவைத்தான். அந்தச் சிரிப்பு இனி எந்தக் கடையில் கிடைக்கும்...

நேற்று அவனைப் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலை, மீசை, எல்லாம் வெள்ளை. ஊருக்கே மை வைத்தவன், மகள் வீட்டுக்கு வரும்வரை ஆஸ்பத்திரியில் கிடந்தானாம்; அங்கே அவனுக்கு யார் வைப்பார்கள்?

கடையிலிருந்து மை டப்பாவை எடுத்துவரச் சொன்னேன்.

"விடு மாமா, இனிமே யாரு பாக்கப்போறாங்க?" என்று அழுதாள் அவன் மகள்.

விடவில்லை. நானே வைத்தேன். இடது காதில் கொஞ்சம் பட்டுவிட்டது. துடைத்தும் போகவில்லை.

உன் பெயரைத் தப்பில்லாமல் எழுதிவிட்டேன், ஏகாம்பரம்.

போய் வா மச்சான். அங்கே கேட்டில் இருமிவிடாதே...