ஆறரை மணிச் சத்தம்

குமரகுருவின் கோழிப்பண்ணையில் தும்முவதற்குக்கூட ஆட்கள் யோசிப்பார்கள். மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே மூன்று ஷெட்டு, பதினெட்டாயிரம் முட்டைக்கோழி. மிரண்டால் கோழி தீவனம் எடுக்காது, முட்டை குறையும், பழையபடி தேறி வரப் பத்துப் பதினைந்து நாளாகும். அதனால் வேலைக்கு வருகிறவர்கள் செல்போனை வாசலில் தொங்கும் பையில் போட்டுவிட வேண்டும். கொலுசு கூடாது. பன்னிரண்டு வருஷமாக அங்கே முட்டை எடுக்கும் அங்கம்மாள், இருமல் வந்தால் வாய்க்கால் வரைக்கும் ஓடிப்போய் இருமிவிட்டு வருவாள்.

முதலாளிக்கும் அதே சட்டம்தான். காலையில் ஷெட்டுக் கதவை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "வாரேன் சாமி, வாரேன்" என்று கோழிகளிடம் குழைந்து சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். மாரியம்மன் பண்டிகைக்கு வெடி வேண்டாமென்று ஊர்க்கூட்டத்தில் கைகூப்பிக் கேட்ட ஒரே மனுஷன் அவர்தான்.

அந்த மனுஷன் வீட்டுக்கு வந்தால் கதையே வேறு. பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். இன்ஜினுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்று மனைவி மலர்விழி சொந்தக்காரர்களிடம் சமாதானம் சொல்வாள். அப்படியானால் ஷெட்டுக்குள் அந்தத் தொண்டை எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சாயங்காலம் ஆறரைக்கு பைக் வந்து நிற்கும். "எந்த அறிவு கெட்டது கேட்டத் தொறந்து போட்டது?" அதுதான் வணக்கம். பிறகு ரசத்தில் உப்பு, காணாமல் போன ரிமோட், ஈரமான துண்டு என்று வரிசையாக நடக்கும். அடிக்க மாட்டார். அதில் அவருக்குப் பெருமை. "ஒரு நாள் கை நீட்டியிருப்பனா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார்.

ஒரே மகள் ஷாலினி, பன்னிரண்டாம் வகுப்பு. நான்கு மாதமாகச் சாயங்காலமானால் வாந்தி. எட்டுக் கிலோ இறங்கிவிட்டது. முதல் மூன்று பேருக்குள் வருகிறவள், அரையாண்டுத் தேர்வில் பாதி எழுதும்போதே மயங்கி விழுந்தாள். வீட்டில் அவள் குரலைக் கேட்டே பல நாளாயிற்று. குமரகுரு சும்மா இருக்கவில்லை. திருச்செங்கோட்டில் ஒரு டாக்டர், நாமக்கல்லில் இரண்டு டாக்டர், வயிற்றுக்கு ஸ்கேன், கைக்கு மந்திரித்த கயிறு. மகள் மேல் உயிரையே வைத்திருந்தார், அதில் பொய்யில்லை. புள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று பைக்கில் போகும்போது தனியாக அழுவார்.

வயிற்றில் ஒன்றுமில்லை, மனநல டாக்டரைப் பாருங்கள் என்று கடைசி டாக்டர் சொன்னதும், "எம்புள்ளைக்குப் பைத்தியமா?" என்று அங்கேயும் கத்தினார். ஆனாலும் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வீட்டுல எப்படிங்க?" என்று சேலத்து டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க. பாப்பா ரூமுக்கு ஏசியே போட்டுக் குடுத்திருக்கறேன்."

டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஷாலினியிடம் தனியாகப் பேசினார். பதினைந்து நாளைக்கு என்ன சாப்பிட்டாய், எத்தனை பக்கம் படித்தாய், வாந்திக்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதி எடுத்து வா என்றார். பண்ணை வீட்டுப் பிள்ளை எதில் எழுதும்? வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் ஷெட்டு அட்டையில்தான். தேதி, தீவனம், முட்டை, இறப்பு, குறிப்பு என்று கட்டம் அச்சடித்த அட்டை. சாப்பாடு தீவனக் கட்டத்தில், படித்த பக்கம் முட்டைக் கட்டத்தில். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "அப்பாகிட்டக் காட்டட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். ஷாலினி சரியென்று தலையாட்டினாள். வெளியே இருந்த குமரகுருவைக் கூப்பிட்டு, "இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தெரியுதுங்க?" என்று அட்டையை நீட்டினார்.

கையில் ஷெட்டு அட்டை வந்தால் குமரகுருவுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. டாக்டரம்மாவுக்கும் எங்கோ பண்ணை இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். மேல்வரியைப் பார்க்கவே இல்லை. விரல் நேராகக் கட்டங்களில் இறங்கியது.

"ரொம்பச் சின்னப் பண்ணைங்க. தீவனம் மூணு மூட்டையில இருந்து அரை மூட்டைக்கு வந்துட்டுது. முட்டை நாப்பது ட்ரே போனது, இப்ப நாலு. இறப்பு இல்லீங்க, அந்த மட்டுக்கும் சாமி புண்ணியம். இப்படியே உட்டா அதுவும் வந்துரும்."

"நோய்ங்களா?"

"நோயில்லீங்க. குறிப்புல பாருங்க, ஆறரை, ஆறே முக்கால். தெனமும் அந்நேரத்துக்கு எவனோ உள்ள வந்து சத்தம் போடறான். இந்த ரெண்டு நாள் மட்டும் தீவனம் நல்லா எடுத்திருக்குது, அன்னைக்கு அவன் வரல. மருந்தெல்லாம் தண்டமுங்க. மொதல்ல அந்த ஆள உள்ள உடாதீங்க."

குமரகுருவின் விரல் குறிப்புக் கட்டத்தில் இன்னொரு தடவை இறங்கியது. ஆறரை, கேட். ஆறே முக்கால், உப்பு. ரிமோட். கேட். அந்த இரண்டு நாள் அவர் கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதற்குப் பிறகுதான் மேல்வரிக்குப் போனார்.

ஷெட்டு எண்: வீடு. பறவைகள்: 1.

இறப்புக் கட்டத்தை மறுபடி பார்த்தார். பதினைந்து சைபர். "தண்ணி வேணுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "வேணுங்க" என்று அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தெருமுனையிலேயே பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கேட் திறந்து கிடந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கினார். வீட்டுக் கதவை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "வாரேன் சாமி, வாரேன்" என்றார்.

மலர்விழி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, காச்சலுங்களா?"

ஷாலினி அன்றைக்கும் வாந்தி எடுத்தாள்.

வேறு ஆளாக இருந்தால் சலித்துப்போயிருப்பான். மிரண்டது தேறப் பத்துப் பதினைந்து நாளாகும் என்பது குமரகுருவுக்குத் தெரியும். ஐந்தாம் நாள் உப்பில்லாத ரசத்தைக் குடித்தார். ஏழாம் நாள் வாய்தவறிக் கத்திவிட்டார். தானே அட்டையை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் 'கேட்' என்று எழுதி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து நாளை எண்ண ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, ஆறரைக்குத் தட்டிச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த ஷாலினி வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! கேட்ட யாரு சாத்தறதுங்க? தெருநாயெல்லாம் உள்ள வருது!"

மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும். மலர்விழி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். குமரகுரு கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்க் கேட்டைச் சாத்தினார்.