பத்துப் பேர் கையில் ஒரு வரி

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கூட்டித் துடைக்கிற வேலை. தேநீரும் போடுவேன்.

அந்தக் கிழமை நான் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கல்லூரிக்குப் புதுக் கட்டடம் கட்ட வந்த மேசன் என்னைக் கேட்டிருந்தார். மலையகத்திலிருந்து வந்த குடும்பம். மனைவி இறந்து ஆறு வருஷம். சுற்றி வளைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையோட எனக்கு வவுனியாவுல வேலைங்க. நீங்க சம்மதிச்சா முறையா எழுதிக் கூட்டிட்டுப் போறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு விருப்பம் இருந்தது. ஆனால் நான் ஏற்கெனவே எழுதப்பட்டவள்.

எங்கள் ஆட்களிடம் கலியாணம் இரண்டு தரம் நடக்கும். முதலில் எழுத்து. பதிவுகாரர் முன்னால் கையெழுத்து. தாலி பிறகு, நாள் பார்த்து. தாலி ஏறும்வரை பெண் தன் வீட்டில்தான் இருப்பாள். சண்டைக் காலத்தில் இளம் ஆட்களைப் போராடப் பிடித்துக்கொண்டு போனார்கள். கலியாணம் முடித்தவர்களை விடுவார்கள் என்று ஒரு கதை இருந்தது. அதனால் உடையார்கட்டில் பக்கத்து வளவுப் பெடியனுக்கும் எனக்கும் எழுத்து வைத்தார்கள். இரண்டு தாய்மாரும் பேசிச் செய்தது. பிரச்சினை முடிய முறித்துவிடலாம் என்றார்கள். கையெழுத்து வைத்துவிட்டு அவர் சைக்கிளில் போனார். நான் அம்மாவோடு நடந்து வந்தேன். தாலி ஏறவில்லை. அவரோடு பத்துச் சொல் கதைத்திருப்பேனோ தெரியாது.

கடைசி இடப்பெயர்வில் அவர் தண்ணீர் எடுக்கப் போனார். திரும்பி வரவில்லை. என் அம்மா ஷெல் பட்டுச் செத்தா. முகாமில் பெயர் பதிந்தபோது அவருடைய தாய் என் கையைப் பிடித்து, "இது என்ர மருமகள்" என்று தன் குடும்ப அட்டையில் சேர்த்தா. அந்த அட்டையைக் காட்டித்தான் உருத்திரபுரத்தில் காணி கிடைத்தது. காணியைக் காட்டி வீடு கிடைத்தது. மாமியும் நானும் அந்த வீட்டில் இருக்கிறோம். காணாமல் போனோர் பட்டியல் எங்கே வந்தாலும் மாமி பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பா.

மேசனுக்கு ஓம் சொல்ல எனக்கு ஒரு வழிதான் தெரிந்திருந்தது. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று பதிவுக் கந்தோரில் பதிவது. பெண்சாதி என்றபடியால் நானே பதியலாம். மாமியின் கையெழுத்துத் தேவையில்லை. அதுதான் கஷ்டம். அவாவின் மகனைச் செத்தவனாக்க என் கை ஒன்றே போதும்.

புதன்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மிஸ் வந்தா. பிளொக்செயின் என்ற ஒன்றைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய. அவா தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. திரையில் ஒன்றும் இல்லை. மிஸ் அசையவில்லை. வெள்ளைத் தாள்களை எடுத்தா.

"பத்துப் பத்துப் பேராய் வட்டமா இருங்கோ. கம்பியூட்டர் செய்யிறதை நாங்கள் கையால செய்வம்."

ஒரு வட்டத்தில் ஒன்பது பேர்தான். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன்.

"அக்கா, தட்டை வைச்சிட்டு வாங்கோ."

"எனக்கு உது விளங்காது மிஸ்."

"இவையளுக்கும் விளங்காது. வாங்கோ."

பிள்ளைகள் சிரித்தார்கள். போய் இருந்தேன்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு ஒரு தாள். அதில் தன்னைப் பற்றி ஒரு வரி. அந்த வரியில் எத்தனை எழுத்து என்று எண்ண வேண்டும். முன்னுக்கு இருப்பவரின் தாளில் உள்ள இலக்கத்தை அதோடு கூட்டித் தன் தாளின் அடியில் போட வேண்டும். அப்படியே தாளுக்குத் தாள் தொடுத்துக்கொண்டு போகும். சேர்க்கும் முன் வட்டத்தில் இரண்டு பேர் "சரி" சொல்ல வேண்டும். பிறகு பத்துப் பேரும் எல்லா வரியையும் தங்கள் கொப்பியில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

முதல் பெடியன் "என்ர சைக்கிள் சிவப்பு" என்று எழுதினான்.

"துருப்பிடிச்சது எண்டு எழுதடா," என்றான் மற்றவன்.

"அதுவும் சிவப்புத்தானே."

ஒன்பதாவது நான். என்னைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் குடியிருக்கிற பெட்டை ஒருத்தி இருந்தாள்.

"கலியாணம் முடிச்சவா எண்டு எழுதுங்கோ அக்கா. நான் சாட்சி."

எழுதினேன். நான் கலியாணம் முடித்தவள். அவள் சரி என்றாள். இன்னொருத்தியும் சரி என்றாள். பதின்மூன்று எழுத்து. முன் தாளில் நூற்றுப் பன்னிரண்டு. கூட்டி நூற்று இருபத்தைந்து போட்டேன். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். என் வரி பத்துக் கொப்பியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு மிஸ் முதல் பெடியனிடம் சொன்னா. "இப்ப கள்ளம் செய்யும். சிவப்பை வெட்டிப் பச்சை எண்டு எழுதும்."

அவன் வெட்டினான். ஓரெழுத்துக் குறைந்தது. அவன் இலக்கம் பிழைத்தது. அடுத்த தாளோடு பொருந்தவில்லை. அதைத் திருத்தினால் அதற்கடுத்தது பிழைத்தது. கடைசித் தாள் வரைக்கும் அப்படியே போனது. அவ்வளவையும் அவன் திருத்தினாலும் மற்றவர்களின் கொப்பியில் சிவப்புத்தான் இருந்தது.

"இதுதான் பிளொக்செயின்," என்றா மிஸ். "உண்மையில கணக்கு இதைவிடச் சிக்கல். ஆனால் யோசனை இதுதான். ஒராளின்ர கையில இல்லை. எல்லாரின்ர கையிலயும் இருக்கு."

எனக்கு அட்டை ஞாபகம் வந்தது. காணி, வீடு. முதல் தாளில் கை வைத்தால் பின்னால் வந்த அத்தனையும் பிழைக்கும்.

கை உயர்த்தினேன். இந்தக் கல்லூரியில் நான் கேட்ட ஒரே கேள்வி அது.

"மிஸ், எழுதினது பொய் எண்டால்?"

"பொய்யோ மெய்யோ எண்டு இதுக்குத் தெரியாது அக்கா. எழுதினதை ஒருத்தரும் மாத்தேல்லை எண்டதைத்தான் இது காட்டும்."

"அப்ப வெட்டேலாதோ?"

"வெட்டேலாது. புதுசா ஒரு தாள் சேர்க்கலாம். முந்தி எழுதினது பிழை, சரியானது இதுதான் எண்டு. பழசும் கிடக்கும், புதுசும் கிடக்கும்."

"என்னக்கா, அண்ணையோட சண்டையோ?" என்றான் சைக்கிள் பெடியன்.

ஒழுங்கைப் பெட்டை அவன் தொடையில் கிள்ளினாள். "அவர் காணாமல் போனவரடா."

வட்டம் முழுக்கத் தலையைக் குனிந்தது. நான் எழும்பித் தட்டை எடுத்தேன்.

வீட்டுக்குப் போனேன். மாமி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா.

"மாமி, ஒராள் என்னைக் கேட்டிருக்கிறார்."

"மேசன்தானே. சந்திக் கடையிலயும் சொல்லிச்சினம், மீன்காரனும் சொல்லிப்போட்டான். நீதான் கடைசி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவாவுக்கு வரவில்லை.

"அவனைச் செத்தவன் எண்டு பதியப் போறியோ?"

நான் உரித்த வெங்காயத்தை அவா பக்கம் தள்ளினேன்.

"நீ கண்டனியோ?"

"இல்லை."

"நானும் காணேல்லை. அண்டைக்கு எழுதினது பொய். அவன் உயிரோட இருக்க எழுதினது. அதுக்கு மேல அவனைச் சாகடிச்சு ஒண்டு எழுதாதை பிள்ளை."

இத்தனை வருஷத்தில் அந்த எழுத்தைப் பொய் என்று அவா சொன்னது அன்றைக்குத்தான். நானும் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒரே பொய்க்குள் சமைத்துச் சாப்பிட்டு இருந்திருக்கிறோம்.

"அப்பிடி எழுதமாட்டன்," என்றேன். "நாங்கள் ஒரு நாளும் சேர்ந்து இருக்கேல்லை எண்டு எழுதுவிப்பன். அது ஒண்டாவது உண்மை."

அவா வெங்காயத்தை வெட்டி முடித்தா.

வியாழன் லீவு எடுத்துச் சட்டத்தரணியிடம் போனேன். கலியாணத்தை முறிக்க வழக்குப் போடலாம் என்றார். சேர்ந்து வாழவில்லை என்று சொல்லச் சாட்சி வேண்டும். அது தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது ஒராள்தான். எத்தனை வருஷம் இழுக்கும் என்று கேட்டேன். சொல்லேலாது என்றார். வீட்டை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். யாரும் கிளறினால் பார்ப்போம் என்றார்.

வெள்ளிக்கிழமை மேசன் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னேன்.

"காத்திருக்கச் சொல்லி நான் கேக்கேல்லை."

அவர் கையைத் துடைத்தார். "கொங்கிறீட் தட்டுப் போட்டாலே இருபத்தெட்டு நாள் தண்ணி ஊத்தணுங்க. இது கோட்டு வழக்கு வேற."

அது ஓமோ இல்லையோ என்று எனக்கு விளங்கவில்லை. லொறி போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். இரண்டு நிமிஷம் கதைப்பார்.

சாட்சி சொல்ல வரச்சொல்லி மாமியை நான் கேட்கவில்லை. வழக்குப் போட்டு முதல் தவணை வந்த அன்று காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தா.

"எத்தினை மணிக்கு பஸ்?"

கோட்டில் எழுதுவினைஞர் அவாவைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் ஆர்?"

"இவளின்ர மாமி."

அவர் தாளைப் புரட்டினார். "அப்ப எதிராளியின்ர தாய். நீங்கள் ஆற்றை பக்கச் சாட்சி?"

"இவளின்ர பக்கம்." கொஞ்சம் நின்று சொன்னா. "அவனுக்கு வேற ஆர் இருக்கு? அவனுக்கும் நான்தான்."

அப்படி எழுத இடமில்லை என்றார். என் பக்கத்தை மட்டும் எழுதினார்.

மூன்று மாதம் தள்ளிப் போட்டார்கள். இதுவரை நாலு தவணை. மாமியைச் சாட்சிக் கூட்டில் ஏற இன்னும் கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரு சீட்டில் இருப்போம். இறங்கி ஒரே வீட்டுக்குப் போகிறோம்.