ஐந்தாம் பக்கத்துப் பச்சைப் புள்ளி

நான் மீன் வரைகிறவள். மன்னார்த் தீவில் எங்கள் பேசாலையில் மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வெட்டிக் காயப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏலம் கூறுகிறவர்கள் இருக்கிறார்கள். மீனை உட்கார்ந்து வரைந்து அதையே தொழில் என்று சொல்லிக்கொள்கிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். வீட்டு மேசையில் ஒரு மடிக்கணினியும் பேனாவால் தொட்டு வரைகிற பலகையும்தான் என் வள்ளமும் வலையும். "இண்டைக்கு உனக்கு என்ன பட்டது?" என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிக் கேலி செய்வா. நானும் விடாமல், "ரெண்டு பாரை, ஒரு திருக்கை" என்பேன்.

எனக்கு வேலை தருகிறவர்கள் எல்லாரும் கடல் கடந்த ஆட்கள். முன்பெல்லாம் அவர்களுக்கு நீளமான மின்னஞ்சல் எழுதுவேன். அதில் சுகம் விசாரிப்பு இருக்கும், என் படங்கள் நாலைந்து இருக்கும், அவர்கள் கேட்டது கேட்காதது எல்லாவற்றுக்கும் ஒரு "ஓம்" இருக்கும். எங்கள் ஊரில் வேலை சொல்லி வருகிறவரிடம் ஓம் என்று சொல்லாவிட்டால் அது மரியாதைக் குறைவு. முடியாததற்கும் ஓம் என்றுவிட்டுப் பிறகு முழி பிதுங்க நிற்போம். அப்படி நின்றே இரண்டு மூன்று நல்ல வேலைகளைக் கெடுத்திருக்கிறேன்.

வங்காலையில் எனக்கு ஒரு சிநேகிதி. இணையத்தளங்கள் செய்துகொடுப்பவள். என் மின்னஞ்சல் ஒன்றை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "இது வேலை கேக்கிற எழுத்தோடி? மச்சாளுக்கு எழுதின கடிதம் மாதிரிக் கிடக்கு" என்றாள். எங்களைப் போல தனியாள் வேலை செய்கிறவர்களுக்கென்றே முன்மொழிவு தயாரிக்கும் மென்பொருள் இருப்பதை அவள்தான் காட்டினாள். கணினியில் இறக்கவும் தேவையில்லை. இணையத்தில் திறந்து, ஒரு மாதிரியைத் தெரிவு செய்து, பெட்டி பெட்டியாக நிரப்ப வேண்டியதுதான்.

அந்தப் பெட்டிகளை முதல் முறை பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மலைப்பு வந்தது. நீங்கள் கேட்பதை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்று ஒரு பெட்டி. என்ன செய்வேன் என்று ஒன்று. எந்தக் கிழமையில் எது முடியும், என்ன விலை, கடைசியில் இருவரும் கையெழுத்து வைக்க இரண்டு கோடுகள். இவ்வளவையும் யாரோ முன்கூட்டியே யோசித்து, முகம் தெரியாத எனக்காகக் கோடு கீறி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, "என்ன செய்யமாட்டேன்" என்று ஒரு பெட்டி இருந்தது. அதற்கு முன்னால் அரை நாள் சும்மா இருந்தேன். பிறகு, "நிறம் தீட்டி முடிந்த பின் மீனின் இனத்தை மாற்றச் சொன்னால் அது புது வேலை" என்று எழுதிவிட்டு எழும்பி முற்றத்தில் ஒரு சுற்று நடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு முடியாது என்று எழுதியிருக்கிறேன். வானம் இடிந்து விழவில்லை.

அந்த முன்மொழிவு குளிர் நாடொன்றில் சிறுவர் புத்தகம் போடும் ஒரு பெண்மணிக்கு. கடல் உயிர்களைப் பற்றிப் பன்னிரண்டு சின்னப் புத்தகங்கள், ஆறு மாத வேலை. அதற்குமுன் அவ்வளவு பெரிய வேலை எதுவும் என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

அது கிடைப்பதிலும் கிடைக்காததிலும்தான் என் மனுசன் வீட்டில் நிற்பதும் போவதும் இருந்தது. நாலு வருசம் வளைகுடாவில் இருந்துவிட்டு முந்தின வருசம்தான் வந்திருந்தார். போகும்போது மகளுக்கு ஒரு வயது. வந்தபோது அவள் அவரைப் பார்த்து இரண்டு கிழமையாக "மாமா" என்றே கூப்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். நான் குசினிக்குள் போய் அழுவேன். இப்போதுதான் அப்பா என்று பழகி, அவர் தோளில் ஏறிக்கொண்டு கரைக்குப் போகிற அளவுக்கு வந்திருக்கிறாள். ஆனால் பிறத்தியாருடைய படகில் பங்குக்குப் போய் வீட்டை இழுக்க முடியவில்லை. திரும்பப் போவதற்கு மன்னாரில் ஒரு முகவரோடு கதைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பாஸ்போட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுத்தால் இன்னொரு நாலு வருசம். "உன்ரை வேலை சரி வந்தா நான் ஏன் போறன்?" என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கதையை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை முன்மொழிவை அனுப்பினேன். அனுப்பினேன் என்பதுகூடச் சரியில்லை. ஒரு இணைப்பைத்தான் அனுப்பினேன். முன்மொழிவு இருந்த இடத்திலேயே இருந்தது, அவதான் வந்து பார்க்க வேண்டும். செவ்வாய் பின்னேரம் ஒன்றரை மணி, அவர்களுக்குக் காலை ஒன்பது. என் திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது. பக்கத்தில், "இப்போது வாசிக்கிறார்" என்று.

நான் வாயில் கை வைத்துக்கொண்டேன். அந்த நிமிடம், பனி கொட்டும் ஒரு ஊரில், நான் ஒருநாளும் காணாத ஒரு மனுசி என் எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கிறா. அதை நான் மணலும் வெயிலுமாய்க் கிடக்கும் பேசாலையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவ இரண்டாம் பக்கத்துக்குப் போனால் புள்ளியும் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறது. நான் ஓடிப்போய் மனுசனைக் கூட்டிவந்தேன். அவர் பின்னால் மகள். மூன்று பேரும் மூச்சுக் காட்டாமல் அந்தப் புள்ளியைப் பார்த்தோம். "நாங்கள் பாக்கிறது அவவுக்குத் தெரியுமோ?" என்று மனுசன் இரகசியமாகக் கேட்டார். தெரியாது என்றேன். அப்படியிருந்தும் அவர் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

படங்கள் இருந்த பக்கத்தில் புள்ளி நாலு நிமிடம் நின்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு ஐந்தாம் பக்கத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. பத்து நிமிடம் ஆகியும் அசையவில்லை. ஒரு தடவை விலைப் பக்கத்துக்குப் போய்விட்டு உடனே ஐந்தாம் பக்கத்துக்குத் திரும்பி வந்தது. மொத்தம் பத்தொன்பது நிமிடம் அங்கே நின்ற பிறகு அணைந்துவிட்டது. கையெழுத்து இல்லை, ஒரு சொல் இல்லை.

ஐந்தாம் பக்கம் கால அட்டவணை. அதில் என்ன பிழை என்று வரி வரியாகப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. சிநேகிதிக்கு இணைப்பை அனுப்பினேன். இரண்டாவது நிமிடமே போன் வந்தது.

"உனக்கென்ன விசரோடி? பன்னிரண்டு வரியிலயும் என்ன எழுதி வச்சிருக்கிறாய், ஒருக்கா வாசிச்சுப் பார்."

அப்போதுதான் கண்டேன். முதலாம் புத்தகம் இன்ன திகதி, காற்று விட்டால். இரண்டாம் புத்தகம் இன்ன திகதி, காற்று விட்டால். அப்படியே பன்னிரண்டு தரம். நான் அறிந்து எழுதியதே இல்லை. எங்கள் கரையில், காற்று தணிந்து வழி விட்டால் என்று சேர்க்காமல் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. நாளைக்குத் தொழிலுக்கு வருவியோ என்றால், காத்து விட்டா வாறன். ஞாயிறு பூசைக்கு வருவியோ என்றாலும் அதுதான். காற்றைச் சொல்லாமல் நாள் குறிப்பது எங்களுக்குத் தலைக்கனம் மாதிரி. ஆனால் வெள்ளைக்காரியிடம் ஆறு மாத வேலை கேட்டுவிட்டுப் பன்னிரண்டு தரம் காற்றின் மேல் பழியைப் போட்டால், அவ என்னைப் பற்றி என்ன நினைப்பா? வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அன்று இரவுச் சோற்றை யாருக்கும் ஒழுங்காகப் போடவில்லை.

புதன்கிழமை அந்த அட்டவணையின் ஓரத்தில் அவவுடைய குறிப்பொன்று வந்தது. திறந்தேன். "ஒவ்வொரு வரியிலும் ஒரு காற்று வருகிறதே, அது என்ன காற்று? எந்தக் கிழமைகளில் உங்கள் வேலையை நிறுத்தும்? தெரிந்தவரை எழுதுங்கள். அந்த நாட்களைத் தவிர்த்து நான் அச்சகத்தோடு பேசுகிறேன்" என்று எழுதியிருந்தா.

மூன்று தரம் வாசித்தேன். கேலி இல்லை. அந்த மனுசி எங்கள் காற்றை நம்பிவிட்டா. பத்தொன்பது நிமிடம் ஐந்தாம் பக்கத்தில் நின்று, எங்கள் தீவின் காற்றை ஒரு அச்சக வேலைக்குள் எப்படி வைப்பது என்று யோசித்திருக்கிறா. காற்று எப்போது வரும் என்று எழுதிக் கேட்ட ஆளை நான் அதற்குமுன் கண்டதில்லை.

எனக்குக் காற்று தெரியும், அதன் திகதி தெரியாது. மனுசனைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். திரையில் அடுத்த ஆறு மாதமும் கட்டம் கட்டமாக விரிந்து கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைகாசி நடுப்பகுதிக்குப் பிறகு சோளகக் காத்துப் பிடிக்கும்," என்றார். "முதல் கிழமை உனக்கு ஒண்டும் செய்யாது, வெறும் மணல்தான். கரண்ட் போறது காத்தாலையில்லை. காத்து உப்பைக் கொண்டுவந்து கம்பியில பூசிப்போடும். நாலைஞ்சு நாள் பூசின பிறகு சின்னத் தூறல் ஒண்டு விழுந்தாக் காணும், படக்கெண்டு போகும். கரண்ட் போனா உன்ரை இணையமும் போச்சு. அந்தக் கிழமையை வெறுமையா விடு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருசம் இருட்டில் இருந்து கரண்டைத் திட்டிய நான், அதற்கு உப்புத்தான் காரணம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஆனியில் எந்தக் கிழமை முரட்டுக் காற்று, எந்த அமாவாசையோடு அது தணியும், எங்கே இரண்டு நாள் ஏமாற்றிவிட்டுத் திரும்ப அடிக்கும். நான் கட்டங்களை வெறுமையாக்கிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்குள் இவ்வளவு பெரிய அறிவு படுத்து எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது, நான் அதைக் கேட்டதே இல்லை.

"ஆடிக் கடைசியில ஒரு எட்டு நாள் காத்து அப்பிடியே செத்துப்போய் நிக்கும். அந்த எட்டு நாளும் நீ இரவு பகலா வரை. பிள்ளையை நான் பாத்துக்கொள்ளுவன், விடியப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்…"

நிறுத்தினார். கட்டங்களில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆடிக்கு நான் நிக்கமாட்டன் என்ன," என்றார்.

அவர் எழும்பி, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு கரைப் பக்கம் போய்விட்டார். நான் பன்னிரண்டு வரியிலும் இருந்த காற்றை அழித்தேன். அழித்த இடங்களில் அவர் சொன்ன கிழமைகள் வெறுமையாகக் கிடந்தன. உப்பைப் பற்றி இரண்டு வரி எழுதி, வியாழக்கிழமை திரும்ப அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே அவர் உடுத்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் பொறுங்கோவன், அவங்களுக்கு இப்பதான் விடியுது" என்றேன். "முகவற்றை கந்தோரை நாலு மணிக்குப் பூட்டிப்போடுவினம்" என்றார். ஒன்றரை மணிக்குப் புள்ளி வரவில்லை. இரண்டு மணிக்கும் வரவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் அவர் ஏறிப்போனார்.

இரண்டே கால் இருக்கும், பச்சைப் புள்ளி வந்தது. முதலாம் பக்கம், இரண்டாம் பக்கம் எல்லாம் கடந்து நேரே ஐந்தாம் பக்கத்தில் நின்றது. நான் மாதா தொடக்கம் கோயிலில் இருக்கிற எல்லா அர்ச்சிஷ்டவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். புள்ளி மெல்ல நகர்ந்து கடைசிப் பக்கத்துக்குப் போனது. அங்கே இருந்த வெறும் கோட்டுக்கு மேல் திடீரென்று ஒரு பெயர் வந்து இருந்தது. விரலால் கீறியிருக்க வேண்டும். கோணலும் மாணலுமாய், கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிப்போய். அதற்குக் கீழ்க் கோட்டில் நான் முன்பே வைத்த என் பெயர். என்னைக் கண்டிராத ஒருத்தி, எங்கள் காற்றையும் உப்பையும் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்திருக்கிறா. நான் திரையைத் தொட்டுக் கும்பிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உடனே மனுசனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பஸ் இரைச்சலில் கேட்டிருக்காது. திரும்பத் திரும்ப அடித்தேன். பாஸ்போட்டை நீட்டிவிட்டாரோ, அதை வாங்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்களோ என்று மேசைக்கும் முற்றத்துக்குமாக நடந்தேன். மூன்று மணிக்குக் கிட்ட எடுத்தார்.

"எங்க நிக்கிறியள்? குடுத்திட்டியளோ?"

"இன்னும் இல்லை. உள்ளுக்கு இருக்கிறன். எனக்கு முன்னால ஒரு ஆள்." குரலைத் தாழ்த்தினார். "வச்சிட்டாவோ?"

"ஓம்," என்றேன்.

அடுத்த ஆள் வாங்கோ என்று யாரோ கூப்பிடுவது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். கதிரை ஒன்று தரையில் உரசியது. பிறகு ஒரு கதவுச் சத்தம், அதன் பின்னால் தெரு இரைச்சல். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். நடந்துகொண்டே இருந்தார், மூச்சு மட்டும் கேட்டது.

"இஞ்சேர்," என்றார் கடைசியில். "சந்தையடியில நிக்கிறன். மீன் ஏதும் வாங்கிக்கொண்டு வரட்டோ?"

பேசாலையில் இருந்துதான் மன்னார்ச் சந்தைக்கு மீன் போகும். அங்கே காசு கொடுத்து மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிற பேசாலை ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை. வேறொரு நாளென்றால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"பெரிசாப் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றேன்.