பூட்டிவைத்த ஆல்கஹாலும் கசிந்த புரோட்டானும்

மூன்று வாரமாக என் எலி ஈரல்கள் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தன. ஈரல் செல்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, அது எவ்வளவு ஆக்சிஜன் தின்கிறது என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. மைட்டோகாண்ட்ரியா புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளும். அவை திரும்ப உள்ளே பாயும்போது செல்லுக்குச் சக்தி தயாராகும். கொஞ்சம் புரோட்டான் மட்டும் ஒரு வேலையும் செய்யாமல் சவ்வு வழியே கசிந்து, வெறும் சூடாகப் போய்விடும். அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் அளக்க வேண்டும். சக்தித் தயாரிப்பை நிறுத்தியதும் திரையில் ஆக்சிஜன் கோடு லேசான சரிவோடு படுக்க வேண்டும். என்னுடையதோ கிணற்றில் விட்ட வாளி மாதிரி நேரே கீழே போனது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலன்னா தீசிஸ்ல இருந்து இந்த அத்தியாயத்தையே எடுத்துடும்மா” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு! எலியைத் திட்டினேன், ஐஸைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் என் தோழி ரெட்டியார்பாளையத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். ஆக்சிஜன் அளக்கும் அதே கருவியில் மாலையில் வேலை செய்பவள். அவள் சோதிக்கும் மருந்து, புரோட்டான்களைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும் மருந்து. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: அதில் துளி கருவியின் குப்பியில் ஒட்டியிருந்தாலும் கசிவு ஏறி, என் ஆக்சிஜன் மளமளவென்று தீர்ந்துவிடும்.

“ஏன்டி, வேலை முடிஞ்சதும் குப்பியை எதுல கழுவுற?”

“தண்ணிலதான். பத்து தடவை கழுவுறேன்.”

“தண்ணில அது போவாதே! ஆல்கஹால் என்னாச்சு?”

“நீதான அலமாரில வச்சு பூட்டிட்ட? சாவி கேட்டா கடிச்சுடுவியே!”

உண்மைதான். பாட்டில் சீக்கிரம் காலியாகிறது என்று மூன்று வாரம் முன்பு நான்தான் பூட்டினேன். தெருவுக்குத் தெரு பிராந்திக்கடை உள்ள ஊரில் ஆல்கஹாலுக்குப் பூட்டுப் போட்ட ஒரே ஆள் நான்தான். வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்துவிட்டது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

குப்பியை ஆல்கஹாலில் பலமுறை அலசினோம். பிறகு மிச்சமிருந்த ஈரல் கரைசலை ஊற்றி வைத்தோம். ஒட்டியிருக்கும் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கொட்டிவிட்டுப் புது மைட்டோகாண்ட்ரியாவை விட்டேன்.

கோடு இறங்கியது, நிதானித்தது, லேசாகச் சரிந்தபடி படுத்தது.

“படுத்துச்சுடி!” என்று கத்தினேன். மறுபடி இரண்டு முறை அளந்தோம். அதே சரிவு. என் அத்தியாயம் பிழைத்தது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன்.

“மொத நாளே பயப்படாம கேட்டுருக்கணும்” என்றாள் அவள்.

அலமாரிச் சாவியை எடுத்து, அவளுடைய ஸ்கூட்டர் சாவிக்கொத்தில் நானே கோத்துவிட்டேன்.