பேசில் அறைக்கு வைத்த பூ

எனக்கு இந்த வேலை கிடைத்தபோது, மகளுக்கு மெட்ராஸ் பக்கம் தோட்டத்தில் வேலை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரி நான். விவசாய டிப்ளமா படித்தவள். தோட்டம் என்றால் தோட்டம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு பெட்டி கட்டினேன். ஒரகடத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால், நிறுத்திய இடத்தில் ஒரு தகரக் கொட்டகை நின்றது. ஒரு பக்கம் காருக்குப் பாகம் செய்கிற கம்பெனி, மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற பொட்டல். கொட்டகைக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. "இதுவா தோட்டம்?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். "உள்ள போயி பாரும்மா" என்றார்.

உள்ளே போவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. தலையில் இருந்த மல்லிகையை எடுக்கச் சொன்னார்கள். வளையல், கம்மல், கடைசியில் பொட்டு. பொட்டை எடுக்கச் சொன்னதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முதல் நாள் வேலைக்கு வருகிற பிள்ளையை வெறும் நெற்றியோடு நிற்க வைப்பதா என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். பிறகு வெள்ளைக் கோட்டு, வலைத்தொப்பி, முகமூடி. ஒரு ஆள் நிற்கிற கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாலு பக்கமும் காற்று பீய்ச்சி அடித்து உடம்பிலிருந்த தூசியைத் தட்டி எடுத்தது. அடுத்த கதவு திறந்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை. அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு நிறையப் பச்சை, மேலே ஊதா கலந்த இளஞ்சிவப்பு வெளிச்சம். மண்ணே கிடையாது. தென்னை நார்த் துண்டுகளில் செடிகள் வேர்விட்டு நிற்க, அடியில் சத்துக் கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ரோடு உருகுகிற வெயில். உள்ளே மார்கழிக் காலை.

அங்கே லெட்யூஸ் கீரை வளர்த்தோம், பேசில் வளர்த்தோம். பேசில் என்பது துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு செடி. சென்னையில் பெரிய ஓட்டல்களுக்குப் போகும். ஒரு சொட்டுப் பூச்சிமருந்து படாத இலை என்று பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருந்தது. அதனால்தான் விலை, அதனால்தான் அத்தனை கெடுபிடி. மருந்து அடிக்க முடியாது என்றால் பூச்சியை உள்ளேயே விடக்கூடாது.

அந்தக் கெடுபிடிக்கெல்லாம் காவல்காரர் எங்கள் மேனேஜர். கொங்கு நாட்டுக்காரர். தொப்பிக்கு வெளியே ஒரு முடி தெரிந்தாலும், "திரும்பிப் போயிட்டு வாங்க கண்ணு" என்று சிரிக்காமல் சொல்லுவார். நாங்கள் அவருக்குச் சோப்பு என்று பெயர் வைத்திருந்தோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் வந்ததும் ஆபீஸ் அறைக்குப் போகமாட்டார். நேராகச் செடிகளிடம் வந்து, ஒவ்வொரு அடுக்காகக் குனிந்து பார்த்த பிறகுதான் டீ குடிப்பார்.

எனக்கு ஜோடியாகப் போட்டிருந்தது பக்கத்து ஊரான வடக்குப்பட்டு அக்காவை. அக்காவுக்கு என்னைவிட ரொம்ப வயது கூட. கான்ட்ராக்டர் மூலமாக வந்தவள். தட்டு கழுவுவாள், இலை பறிப்பாள். ஒருநாள் பேச்சுவாக்கில், "இந்தக் கொட்டகை உங்க நிலத்துல கட்டினதாக்கா?" என்று பரிதாபத்தோடு கேட்டேன்.

"அட போ பொண்ணே! எங்க நெலம் அந்தாண்ட, கார் நிறுத்தற எடமா பூட்ச்சு. இங்க இன்னா இருந்துச்சு? வேலிக்காத்தான் முள்ளு. ஆடுகூட எட்டிப் பாக்காது" என்று என் பரிதாபத்தைத் தட்டிவிட்டாள்.

இதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினவள். "அங்க எச்சித் தட்டு, இங்க செடித் தட்டு. ரெண்டும் தட்டுதான். ஆனா இங்க வந்தா மனசு குளுகுளுன்னு கீது" என்பாள். இந்த வேலை போனால் மறுபடி கேன்டீன்தான் என்ற பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது. கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்ப யாரும் காரணம் சொல்வதில்லை. "நாளைக்கு வராத" என்று போன் வரும், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ரோட்டில் அன்றைக்கு வேடிக்கை பார்க்க வேண்டும். கேட்டுக்குக் கேட்டு வாழை மரம். சரக்குத் தூக்குகிற போர்க்லிப்ட் வண்டிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். எந்தக் கம்பெனிப் பூசணிக்காய் பெரிசு என்று டிரைவர்களுக்குள் பேச்சு நடக்கும். எங்கள் கொட்டகையிலும் வெளியில் இருக்கிற ஜெனரேட்டர், மோட்டார், பாக்கிங் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கோயம்பேட்டிலிருந்து வந்த மாலையைப் போட்டாயிற்று. பொரியும் சுண்டலும் கையில் வந்துவிட்டது. மேனேஜர்கூட அன்றைக்கு வேட்டியில் வந்திருந்தார்.

அக்கா மட்டும் பொரியைத் தொடாமல் நின்றாள். கையில் ஒரு பை. பைக்குள் அவள் வீட்டுப் பின்பக்கம் பூத்த செண்டுமல்லி, அவளே கட்டிய சரம்.

"எல்லா மிஷினுக்கும் வெச்சாச்சு சார். நம்பளுக்கு சோறு போடற ரூமுக்கு ஒண்ணும் இல்லியா?" என்றாள்.

"உள்ள பூ ஆகாதுங்க்கா. தெரியுமல்ல?" என்றார் மேனேஜர்.

"மோட்டாருக்கு வெச்சிட்டு செடிய வுட்டா எப்படி சார்? அதுங்கதான வேல செய்யுது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கூட்டத்தில் வேண்டாம் என்று நினைத்தவர்கள் ஒருத்தரும் கிடையாது. வேலை செய்கிற பொருளுக்குப் பூ வைக்காமல் ஆயுத பூஜை என்ன பூஜை? மேனேஜர் கையை நீட்டிச் சரத்தை வாங்கிக்கொண்டார். கோட்டும் தொப்பியும் மாட்டி, சரத்தைத் தண்ணீரில் அலசி, தானே உள்ளே கொண்டுபோய் பேசில் அறையின் முதல் அடுக்கில் கட்டினார். "ஒரு நாளுதானுங்க, காலையில எடுத்துரலாம்" என்றார். ஊதா வெளிச்சத்தில் அந்த மஞ்சள் வேறு மாதிரி நிறமாகத் தெரிந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அந்த அறை அன்றைக்குத்தான் எங்களுடையது மாதிரி இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் பேசில் இலைகளில் வெள்ளி பூசினாற்போல் கோடுகள் விழ ஆரம்பித்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இலைப்பேன். நூலிழை மாதிரி மெல்லிய பூச்சி, இலையின் சாற்றை உறிஞ்சுவது. எங்கள் ஊர்க் காட்டில் மிளகாய்ச் செடியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அங்கே அதைத் தின்ன இன்னொரு பூச்சி இருக்கும், மழை வந்து அடித்துப் போகும். இங்கே அத்தனை சுத்தம். அதைத் தின்னவும் ஆள் இல்லை, மழையும் இல்லை. விருந்துக்கு வந்தது குடும்பத்தோடு தங்கிவிட்டது.

உள்ளே போன வெளிப்பொருள் அந்தச் சரம் ஒன்றுதான். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பேசில் முழுவதையும் பிடுங்கிக் கறுப்புப் பையில் கட்டி எரிக்க வேண்டும், அறையைக் கழுவிப் பூட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. விசாரிக்க சென்னையிலிருந்து ஆபீசர்கள் வருகிறார்கள் என்றார்கள். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அக்காவுக்குப் போன் செய்து, "பூ யாருதுன்னு கேட்டா உன்னத்தான் கை காட்டுவாங்க. நீயே வேலைய விட்டு நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டான். அக்கா நிற்கவில்லை. வழக்கம்போல் வந்தாள்.

ரெண்டு பேருமாகத்தான் பேசிலைப் பிடுங்கினோம். பிடுங்கப் பிடுங்க வாசனை. அறை முழுக்க, கையெல்லாம், முகமூடிக்குள்ளெல்லாம் வாசனை.

"பூ என்னுதுன்னு நானே சொல்லிடறேன் பொண்ணே" என்றாள்.

"சும்மா கெடங்கக்கா. கேட்டாங்கன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. நானும் அதையேதான் சொல்லுதேன்."

"சொல்லுதேனாம் சொல்லுதேன்" என்று என் பேச்சைப் பழித்துக் காட்டினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எப்படியும் அனுப்பப் போறாங்க. பொய் சொல்லிட்டு வேற போவணுமா?"

எனக்கு அவள் மேலேயே கோபம் கோபமாக வந்தது. நியாயம் பேச வேறு நேரம் கிடைக்கவில்லையா இவளுக்கு என்று இருந்தது. பிடுங்கியதைப் பையில் திணித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனேன்.

ஆபீசர்கள் மறுநாள் வந்தார்கள். பாக்கிங் அறையில் எங்கள் எல்லாரையும் நிறுத்தினார்கள். "உள்ளே பூ கொண்டுபோனது யார்?" என்று ஒருவர் கேட்டார். அக்கா முகமூடியை இறக்கினாள். அவள் வாய் திறப்பதற்குள், "நான்தானுங்க சார்" என்றார் மேனேஜர்.

"பூ எங்கிருந்து வந்தது?"

"கடையில வாங்குனதுங்க."

"இல்ல சார், அது…" என்று அக்கா ஆரம்பித்தாள். மேனேஜர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "தட்டெல்லாம் கழுவாமக் கெடக்குது. இங்க என்ன நின்னுக்கிட்டு? போங்க!" அவர் யாரிடமும் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அக்கா முகமூடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

விசாரணை அதோடு முடிந்தது. அக்காவைப் பார்த்து நல்ல சேதி சொல்லலாம் என்று கழுவுகிற இடத்துக்கு ஓடினேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

"வேலை போகலக்கா. இனி ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்றேன்.

"தெரியுது. தெரியாமலா அழுவறேன்? தண்ணி ஊத்தி ஊத்தி நான் வளத்த பூவ, கடப் பூன்னு சொல்லிட்டாரே. காப்பாத்தன மனுசன இன்னான்னு போயி கேக்கறது நானு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அதுவே அழுகையாகிவிட்டது. பக்கத்தில் நின்று நானும் தட்டு கழுவினேன்.

மேனேஜரைச் சென்னை ஆபீசுக்கு மாற்றினார்கள். ஓட்டல்களுக்குப் போன் செய்து ஆர்டர் வாங்குகிற வேலை. செடி முகத்தில் விழித்துவிட்டு டீ குடிக்கிறவருக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று எங்களுக்குத் தெரியும். கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கழுவுகிற இடத்துக்கும் வந்தார். அக்கா நிமிர்ந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சார், அது கடப் பூ இல்ல."

"தெரியுங்க்கா" என்றார். "கடைப் பூவா இருந்தா ஒரு பூச்சி வந்திருக்காதுங்க. மருந்துல முக்கித்தான விக்கறாங்க. நம்ம பேசில் மாதிரி, உங்க பூவும் ஒரு சொட்டு மருந்து படாததுங்க. அதனாலதான் வந்துச்சு."

அக்கா குழாயை மூடினாள். ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு சார். தண்ணி சத்தத்துல கேக்கல" என்றாள்.

நன்றாகவே கேட்டிருந்தது அவளுக்கு. மேனேஜர் இன்னொரு தடவை சொன்னார்.