முதலாளி தம்பியின் பவளத் தொட்டி

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்தேன். சுண்ணாம்பு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அதனால்தான் முதலாளி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அவருடைய தம்பி பக்கவாதத்தில் படுத்திருந்தார். கை, கால், பேச்சு எல்லாம் போய்விட்டன. கண்ணும் உதடும் மட்டும் அசையும். கட்டிலுக்கு எதிரே கடல்நீர்த் தொட்டி. உள்ளே பவளங்கள், இரண்டு ஆரஞ்சு மீன்கள்.

"இந்த மீனுங்கள பாத்துக்கினுதான் உசுரோட இருக்கான். ஒண்ணும் ஆவாம பாத்துக்கோங்க சார்" என்றார் முதலாளி.

பவளம் வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காகத் தொட்டியருகே கால்சியம் ரியாக்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய். அதில் செத்த பவளத் துண்டுகளைப் போட்டு, கார்பன் டை ஆக்சைடைக் குமிழ் குமிழாக விட்டால், அவை கரைந்து தொட்டிக்குள் சொட்டும். செத்தது கரைந்து உயிரோடு இருப்பதற்கு எலும்பாகிறது. அதைத் தம்பி கண் கொட்டாமல் பார்ப்பார்.

குமிழைக் கூட்டிக் குறைப்பது என் வேலை. தொழிற்சாலையில் தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்கவும் இதே வாயுதான். தோல் ஓரத்தை வெட்டி ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறம்காட்டி ஒரு சொட்டு விடுவோம். சிவந்தால் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. நிறம் வராவிட்டால் வேலை முடிந்தது. ஒரு வியாழக்கிழமை மாலை தொட்டி நீரிலும் அந்தச் சொட்டை விட்டுப் பார்த்தேன். லேசாகச் சிவந்தது. பழக்கதோஷம், கை வாயு வால்வை இன்னும் திறந்துவிட்டது. நிறம் வராமல் போகும்வரை உட்கார்ந்திருந்து, வால்வை அப்படியே விட்டுவிட்டுத் திருப்தியோடு கிளம்பினேன். அவர் கண்கள் வாசல்வரை என் பின்னாலேயே வந்தன.

மறுநாள் வெள்ளி, தொழிற்சாலைக்கு லீவு. மதியம் சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது. கடல்நீர் லேசாகச் சிவக்கத்தான் வேண்டும். நிறம் போனால் வாயு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், மீனுக்கு மூச்சு முட்டும். அப்படியே ஸ்கூட்டரை எடுத்தேன். எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். தெருவில் ஒரு சத்தம் இல்லை.

சமையல்கார அம்மா கதவைத் திறந்தார். ஒரு மீன் அடியில் கிடந்தது. மற்றது நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. கட்டிலில் அவர் வாயும் அதே மாதிரி திறந்து மூடிக்கொண்டிருந்தது. வால்வை மூடினேன். அவர் வாய் அசைவது நின்றது.

"விடியக்காலைலருந்து ஓதிக்கினே இருந்தாரு சார்" என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "ஜும்மா நாளாச்சேன்னு யாரும் தொந்தரவு பண்ணல."

கட்டிலிலிருந்து அவர் என்னையே பார்த்தார். ஓதவில்லை, கூப்பிட்டிருக்கிறார் என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.