அங்கே இன்னும் மனைவி

விடுப்பில் இருந்த என் ஈரானியத் தோழி ‘கானும்’ ஒரு மதியம் பயணப் பெட்டியோடு வேலையிடத்துக்கு வந்து நின்றார். டென்மார்க்கின் வைலே நகரில் நாங்கள் இருவரும் வேலை செய்த முதியோர் இல்லத்திலிருந்து ரயில் நிலையம் எட்டிப் பார்க்கும் தூரம். அம்மாவுக்கு நோய் கடுமை என்று ஈரானிலிருந்து செய்தி வந்து ஒரு மாதமாகியிருந்தது. போவதா, வேண்டாமா என்று அந்த மாதம் முழுவதும் அவர் தூங்கவில்லை. அன்று முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய் முதியவர்களிடம் விடைபெற்றார். நினைவு தப்பிப்போன ஒரு பாட்டி அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “அம்மாவை நான் சுகம் விசாரித்ததாகச் சொல்” என்றார். வாசல் வரை நான் கூடப் போனேன். “மூன்று கிழமையில வந்திடுவன்” என்றார். நான் தலையாட்டினேன். வர முடியாமலும் போகலாம் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

கானும் என்பது அவருடைய பெயரல்ல. அவர்களுடைய மொழியில் அம்மணி என்பது போன்ற மரியாதைச் சொல். நாங்கள் பேசிக்கொண்டது டேனிஷில்தான். ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் நிற்கிறது. டென்மார்க்கில் முன்பே குடியேறியிருந்த ஒருவருக்கு மனைவியாக இளம் வயதில் வந்தவர். படிக்க ஆசைப்பட்டார், கணவர் விடவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் பிரிந்து, படித்து, தாதி உதவியாளராக எங்களிடம் வேலைக்கு வந்தார். டேனிஷ் சட்டப்படி விவாகரத்து வெகுகாலம் முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் ஈரானில் அது செல்லாது. கணவர் அங்குள்ள முறைப்படி தலாக் சொல்லிப் பதிந்தால்தான் உண்டு. அதுவரை கானும் இங்கே தனி மனுஷி, அங்கே இன்னும் மனைவி. மனைவி நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று கணவர் ஒரு மனுக் கொடுத்தால் போதும், விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள். கையில் டேனிஷ் கடவுச்சீட்டு இருந்தும் பயனில்லை. கறுப்புப் பாணைக் கடித்தபடி மதிய இடைவேளையில் அவர் இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னார். 

போவதற்கு முன் அந்த மனிதரை ஒருமுறை நேரில் கேட்டுப் பார்க்க விரும்பினார். அவர் ஒடென்சே நகரில் இருந்தார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். கோபக்காரர் ஒருவரை எதிர்பார்த்துப் போன எனக்குக் கதவைத் திறந்தவர் மிகவும் பணிவானவராக இருந்தார். தேநீரும் பிஸ்தாவும் கொண்டுவந்து வைத்தார். எனக்கு விளங்க வேண்டும் என்று டேனிஷிலேயே பேசினார்.

“நீ கேட்டதை டென்மார்க் தந்திட்டுது. பிறகு என்னட்டை என்னத்துக்கு வாறாய்?”

“அம்மாவைப் பார்க்கப் போகவேணும்.”

“போ. நான் மறிக்கேல்லையே.”

“திரும்பி வரவும் வேணும்.”

அவர் சிரித்தார். எனக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். “யோசிப்பம்” என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் கடற்பாலத்தில் ஏறியதும் கானும் சொன்னார்: “அந்த மனுசன் ஒருநாளும் என்னை அடிச்சதில்லை. அதாலதான் ஆருக்கும் விளங்கப்படுத்த ஏலாமல் கிடக்கு.” இப்படி மனைவியைக் கட்டிவைப்பது இந்த நாட்டில் குற்றம், முறையிடலாம் என்று நான் சொன்னேன். அவருக்கும் அது தெரியும். இங்கே முறையிட்டால் அங்கே கதவு இன்னும் இறுகும் என்பதும் தெரியும்.

போனார். அம்மாவைப் பார்த்தார். தன் மடியில்தான் உயிர் போனது என்று தொலைபேசியில் சொன்னார். திரும்பி வர விமான நிலையம் போனபோது மறித்துவிட்டார்கள்.

மாதங்கள் போயின. அவருடைய முறைவேலையை வேறொருத்தி செய்தாள். கானுமின் மகள் உயர்பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தாள். தனியாக இருந்த பிள்ளைக்கு நான் அடிக்கடி சோறு கொண்டுபோவேன். ஒருநாள் அவள் சொன்னாள், இனி அப்பாவிடம் போகப் போவதில்லை என்று. “சண்டை பிடிக்கேல்லை அன்ரி. அம்மா வரட்டும், அதுக்குப் பிறகு உங்களோட கதைக்கிறன் எண்டு மட்டும் சொன்னனான்.” அந்த மனிதர் கதவடியில் வந்து நின்றும் அவள் திறக்கவில்லை. அழுதபடி உள்ளே இருந்தாள். அவளுக்குத் தகப்பன்மேல் நிறையப் பாசம். கடைசியில் அவர் இணங்கினார். தலாக்குக்கு அல்ல, ஒரே ஒருமுறை வெளியேறுவதற்கு.

கானும் மெலிந்துபோய்த் திரும்பி வந்தார். நாங்கள் பூங்கொத்து கொடுத்தோம், கேக் வெட்டினோம். எல்லோரும் போனபின் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து, “என்ர வீட்டுக்கு வர நான் அவரிட்டை அனுமதி வாங்கியிருக்கிறன்” என்றார். ஆனாலும் தன் நாட்டைப் பற்றி யாரும் இளக்காரமாகப் பேசினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். அங்கே அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசியபோது, வெளிநாடு போகும் உரிமையும் பிரியும் உரிமையும் பெண்ணுக்கு உண்டு என்று கலியாண ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று அந்தப் பெண் நின்றாளாம். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய், பிறகு திரும்பி வந்தார்களாம். “நோட்டரியிட்டை நானும் கூடப் போனனான். அவள் வாசிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்து வைச்சவள். எனக்கு அந்த வயதில அப்பிடிக் கேட்கலாம் எண்டே தெரியாது.” அதைச் சொல்லும்போது மட்டும் பழைய கானும் தெரிந்தார்.

என் கணவர் இந்தக் கதையைக் கேட்டபோதெல்லாம், “நல்லவேளை, எங்கட ஆக்களிட்டை இப்பிடி இல்லை” என்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருடம், சாவகச்சேரியில் இருக்கும் என் சீதனக் காணியை விற்க முடிவு செய்து ஊரில் ஒரு சட்டத்தரணியுடன் பேசினேன். “காணி உங்கடதான் அக்கா. ஆனா அண்ணையின்ர சம்மதம் எழுத்தில வேணும். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டம் அப்பிடி” என்றார். கணவர் மறுக்கவில்லை. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, “நான் வைக்கமாட்டன் எண்டால் என்ன செய்வாய்?” என்று பகிடிக்குக் கேட்டார். நல்ல மனிதர். கையெழுத்தும் வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கானும் இப்போதும் எங்களோடுதான் வேலை செய்கிறார். தலாக் இன்னும் வரவில்லை. அம்மாவின் கல்லறைக்குப் போகவும் இல்லை. காணிக் கதையை அவரிடம் ஒரு மதிய இடைவேளையில் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சட்டத்தரணியோட கதைக்க முதல், காணியை விற்கப்போறன் எண்டு அவரிட்டைச் சொன்னனியோ, விற்கட்டோ எண்டு கேட்டனியோ?”

“கேட்டனான்” என்றேன்.